மைசூரை நன்றாக நடத்தியவர் யார்? நூற்றைம்பது ஆண்டு வழக்கு

மைசூர் அரசின் பொருளாதாரத்தைத் திறமையாக நடத்தியவர் யார் என்ற வழக்கு, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததிலிருந்தே நடந்துவருகிறது. திப்பு சுல்தானை வென்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, வாள் வெற்றியோடு ஒரு பொருளாதார நியாயமும் தேவைப்பட்டது. திப்புவின் ஆட்சியில் குடிகள் கசக்கிப் பிழியப்பட்டார்கள், அரசின் ஏகபோகத்தால் வணிகம் நசிந்தது என்று கம்பெனி அதிகாரிகள் எழுதினார்கள். 1800-01இல் ஊர் ஊராகப் போய்ப் பயிர், தறி, சந்தை, வரி எனக் குறிப்பெடுத்த பிரான்சிஸ் புக்கானனின் பயண நூலில் இதற்குச் சான்றுகள் உண்டு. ஹைதர் அலி காலத்தில் செழித்திருந்து, பிறகு படைகள் மாறி மாறி நடந்ததால் பாழான ஊர்களும் அதே நூலில் வருகின்றன. வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வளர்ப்பை வரவழைத்தவர் திப்பு. மஸ்கட்டில் மைசூருக்கு வணிகக் கிடங்கு வைத்தவரும் அவர்தான். இந்தப் பக்கம் பிற்கால வரலாற்றாசிரியர்களால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கம்பெனியின் குற்றச்சாட்டுக்கு எதிரான வலுவான சாட்சியம் கம்பெனியின் செயலிலேயே இருந்தது. திப்புவின் வரவு செலவைக் கவனித்துவந்த பூர்ணய்யாவைத்தான் அது புதிய மைசூருக்குத் திவானாக வைத்துக்கொண்டது.

புதிய மைசூர் ஒரு பெரும் சுமையோடு பிறந்தது. உடையார் வம்சத்து ஐந்து வயதுச் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜர் அரியணையில் அமர்த்தப்பட்டார். 1799 ஜூலையில் கையெழுத்தான துணைப்படை ஒப்பந்தப்படி, மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் ஸ்டார் பகோடாக்களை, அதாவது 24.5 லட்சம் ரூபாயைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அரசின் அன்றைய மதிப்பீட்டு வருவாயில் இது பாதிக்குக் குறையாது. பணம் கட்டத் தவறும் நிலை வரும் என்று கவர்னர் ஜெனரல் கருதினாலே நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒப்பந்தம் சொன்னது. 1807இல் 4,000 குதிரைப்படையினரை மைசூர் தன் செலவில் வைத்திருக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்தது. பின்னாளில் மைசூரின் நிதி நிர்வாகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்களில் பலர் இந்தக் கப்பத்தைக் கணக்கில் ஓர் ஓரத்தில் தள்ளிவிட்டார்கள். அதை நடுவில் வைக்காமல் எந்த ஆட்சியையும் மதிப்பிட முடியாது.

பூர்ணய்யா 1811 வரை நிர்வாகத்தை நடத்தினார். கப்பம் தவணை தவறாமல் போய்ச் சேர்ந்தது. ஏரிகளும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. அவர் விலகியபோது கருவூலத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் இருந்ததாக மைசூர் கெஜட்டியர் பதிவு செய்கிறது. ஆர்தர் வெல்லெஸ்லி முதல் மார்க் வில்க்ஸ் வரை ஆங்கிலேயர் அவரைப் புகழ்ந்தார்கள். இந்தப் புகழிலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வருவாயில் பாதிக்கு மேல் கப்பமாகக் கொடுத்துவிட்டு, மீதியில் ஒரு நாட்டையும் நடத்தி, இவ்வளவு பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் குடிகளிடமிருந்து எவ்வளவு திரட்டியிருக்க வேண்டும்? பூர்ணய்யா கஜானாவை நிரப்பினார், குடியானவன் கையில் மிஞ்சியது குறைவு என்று குறைகூறியவர்கள் அவர் காலத்துக்குப் பின்னரே எழுந்தார்கள்.

அந்தச் சேமிப்பை இளம் அரசர் சில ஆண்டுகளிலேயே கரைத்துவிட்டார் என்பது ஆங்கிலேயர் தரப்பின் முதல் குற்றச்சாட்டு. 1814க்குள் பணம் போய்விட்டது, அரசவைச் செலவும் இனாம்களும் பெருகின, குதிரைப்படைக்குச் சம்பள பாக்கி விழுந்தது என்று அவர்கள் பட்டியலிட்டார்கள். மெட்ராஸ் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1825இல் மைசூருக்கு நேரில் வந்து அரசரை எச்சரித்தார். வரி வசூலில் இருந்த ஷரத்து முறைதான் கெடுதலின் மையம் என்று சொல்லப்பட்டது. இந்த முறையில் தாலுகாவின் அமல்தார், இத்தனை ரூபாய் வசூலித்துத் தருவேன் என்று அரசுக்கு எழுதிக் கொடுப்பார். குறைந்தால் அவர் கைப்பொறுப்பு. கூடினால் அதையும் கஜானாவுக்கே கட்ட வேண்டும். கணக்கில் எழுதாமல் வசூலிப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. மழை பொய்த்த ஆண்டிலும் எழுதிக் கொடுத்த தொகையை அமல்தார் கட்டியாக வேண்டும் என்பதால், பாரம் நேராகக் குடியானவனின் தலையில் இறங்கியது. 1830இல் நகர் என்ற பகுதியில் குடிகள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு வரி கட்ட மறுத்தார்கள். அது ஆயுதக் கலகமாக மாறியது. 1831 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு மைசூர் நிர்வாகத்தை அரசரிடமிருந்து எடுத்துக்கொண்டார். கருவூலமும் அலுவலகங்களும் மைசூரிலிருந்து பெங்களூருக்குப் போயின. அரண்மனை மட்டும் மைசூரில் நின்றது.

கலகத்தின் காரணங்களை ஆராய அமைக்கப்பட்ட குழு 1833இல் கொடுத்த அறிக்கை, பென்டிங்க் எதிர்பார்த்த அளவுக்கு அரசரைக் குற்றவாளியாக்கவில்லை. நகர் பகுதிக் கலகத்துக்கு உள்ளூர்ப் பகைகளும் அதிகாரிகளின் கோஷ்டிச் சண்டையும் காரணம் என்பது தெரியவந்தது. கப்பம் நிலுவையில் விழவில்லை என்பது அரசர் தரப்பின் வலுவான வாதம். ஒப்பந்தத்தின் சொற்படி பார்த்தால் அது நியாயமானதும்கூட. பென்டிங்கே 1834இல் நாட்டின் ஒரு பகுதியை அரசரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று லண்டனுக்கு எழுதினார். லண்டன் ஒப்பவில்லை.

அதன் பிறகு ஐம்பது ஆண்டு கமிஷனர் ஆட்சி. அதில் 1834 முதல் 1861 வரை இருந்த மார்க் கப்பனின் காலம்தான் ஆங்கிலேயர் தரப்பின் தலைசிறந்த சாட்சி. அவர் காலத்தில் அரசின் வருவாய் 44 லட்சத்திலிருந்து 82 லட்சம் ரூபாயானது. 769 சில்லறை வரிகள் நீக்கப்பட்டன. சுமார் 1,600 மைல் சாலை போடப்பட்டது. நீக்கப்பட்ட வரிகளின் பட்டியலை லூயிஸ் ரைஸ் தன் கெஜட்டியரில் விவரிக்கிறார். திருமணத்துக்கு வரி, குழந்தை பிறந்தால் வரி, பெயர் வைத்தால் வரி, முடி இறக்கினால் வரி. ஓர் ஊரில், முன்னொரு காலத்தில் பாளையக்காரரின் தொலைந்துபோன குதிரையை ஊர் முன்னோர்கள் கண்டுபிடித்துத் தராததற்காகப் பரம்பரை பரம்பரையாகத் தண்டம் கட்டிவந்தார்கள். நகர் பகுதியில் ஓரிடத்தைக் கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொள்ளாமல் கடந்தால் அதற்கும் வரி. ரைஸ் கமிஷன் ஆட்சியில் வேலை பார்த்தவர். பழைய ஆட்சியின் விபரீதங்களை எடுத்துச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் இத்தகைய வரிகளை ஒழித்தது குடிகளுக்குச் செய்த உண்மையான உபகாரம். சாலை போட்டதால் வண்டிகள் ஓடின, சந்தைகள் இணைந்தன, காப்பித் தோட்டங்கள் பெருகின. கப்பன் இதையெல்லாம் உள்ளூர் அதிகாரிகளையும் கன்னட, மராத்திக் கணக்குமுறையையும் வைத்துக்கொண்டே செய்தார். இதனால் அவருடைய வெற்றியை ஆங்கில ஆட்சியின் வெற்றி என்று ஒரு தரப்பும், மைசூர்க்காரர்களின் நிர்வாகத் திறமைக்குக் கிடைத்த சான்று என்று மறு தரப்பும் உரிமை கொண்டாடின.

1862இல் கமிஷனராக வந்த லெவின் பௌரிங் அந்தப் பழைய பாணியை மாற்றி, ஆங்கிலேய மாகாண அமைப்பைக் கொண்டுவந்தார். நில அளவையும் வரித் திட்டமும் துறைகளும் விரிந்தன. ஐரோப்பிய அதிகாரிகளின் சம்பளப் பட்டியலும் நீண்டது. இதே நேரத்தில், வாரிசு இல்லாத அரசர் இறந்ததும் மைசூரை நேரடியாக இணைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கல்கத்தாவில் வளர்ந்துவந்தது. அரசர் 1865இல் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். மேஜர் எவான்ஸ் பெல் அரசர் தரப்புக்காக நூல் எழுதி லண்டனில் வாதாடினார். வழக்கு இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஏறியது.

1867ஆம் ஆண்டின் அந்த விவாதம் மைசூரைத் தாண்டியது. இந்திய மந்திரி பதவியிலிருந்து சற்று முன் விலகியிருந்த கிரான்போர்ன் பிரபு, பின்னாளில் சாலிஸ்பரி என்ற பெயரில் பிரதமரானவர், மே 24 அன்று சுதேச ஆட்சிக்குச் சாதகமாகப் பேசினார். ஆங்கில நிர்வாகம் எவ்வளவு ஒழுங்கானதாக இருந்தாலும், மக்களின் இயல்புக்கு ஏற்ற சுதேச ஆட்சிக்கென்று சில பலங்கள் உண்டு என்பது அவர் பக்கம். இது வைஸ்ராய் ஜான் லாரன்ஸைச் சுட்டது. அவர் அந்த ஜூலையிலேயே இந்தியா முழுவதும் உள்ள மூத்த அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, ஆங்கில ஆட்சி, சுதேச ஆட்சி இரண்டில் எதன் கீழ் மக்கள் வளமாக இருக்கிறார்கள் என்று கருத்துக் கேட்டார். பதில்கள் 1868இல் அச்சாயின. பெரும்பாலானவர்கள் தங்கள் ஆட்சிக்கே சாதகமாக எழுதியதில் வியப்பில்லை. தேர்வு எழுதியவர்களே விடைத்தாளைத் திருத்தினார்கள். ஆனால் வரி விகிதத்தின் கடுமை, நீதிமன்றச் செலவு, நிலம் கடன்காரர் கைக்குப் போவது போன்ற குறைகளை அவர்களில் சிலர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள் என்பது அந்தத் தொகுப்பின் மதிப்பு. தத்து ஏற்கப்பட்டது. சாமராஜேந்திரர் வயது வந்ததும் மைசூர் திருப்பிக் கொடுக்கப்படும் என்று முடிவாயிற்று. மூத்த அரசர் 1868 மார்ச்சில் இறந்தார்.

கமிஷன் ஆட்சியின் செலவுக் கணக்கை உள்ளேயிருந்து உடைத்தவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். செங்கல்பட்டுப் பகுதியில் பிறந்து, மெட்ராஸ் அரசுப் பணியிலிருந்து மைசூர் அரண்மனை நிர்வாகத்துக்கு வந்த சி.வி. ரங்காசார்லு, 1874இல் ‘மைசூர்வாசி ஒருவர்’ என்ற மறைபெயரில் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். உயர்ந்த சம்பளத்தில் ஐரோப்பியர்களைக் குவித்து, துறைகளைப் பெருக்கி, மைசூரின் வருவாயை நிர்வாகமே தின்றுவிடுகிறது என்பது அதன் சாரம். வருவாய் கூடியிருக்கிறது என்று பெருமை பேசியவர்களிடம், அது எங்கே போகிறது என்று கேட்ட முதல் குரல்களில் ஒன்று அது.

அந்தக் கேள்விக்கு விடை பஞ்சத்தில் கிடைத்தது. 1876இலும் 1877இலும் மழை பொய்த்தது. தானிய விலை எட்டாத உயரத்துக்குப் போனது. நிவாரண வேலைத்தளங்களில் கூலி குறைவாக இருந்தது. அங்கே போய்ச் சேரும் முன்பே பலர் வழியில் விழுந்தார்கள். பஞ்ச நிர்வாகத்தைச் சீர்செய்ய சார்லஸ் எலியட் அனுப்பப்பட்டார். வைஸ்ராய் லிட்டனே 1877இல் மைசூருக்கு வந்துபோனார். 1871 கணக்கெடுப்பில் மைசூரின் மக்கள் தொகை 50.55 லட்சம், 1881இல் அது 41.86 லட்சம். பிறப்பால் கூட வேண்டிய எண்ணிக்கையையும் சேர்த்தால் இழப்பு பத்து லட்சத்தைத் தாண்டும். ஐந்தில் ஒருவர். அரசு சேர்த்து வைத்திருந்த 63 லட்சம் ரூபாய் உபரி கரைந்து, 80 லட்சம் கடன் ஏறியது. 45 ஆண்டு ஒழுங்கான நிர்வாகத்துக்குப் பிறகு, இரண்டு பருவம் மழை பொய்த்ததும் குடிகளிடம் உண்ணத் தானியமோ வாங்கப் பணமோ இல்லை. சாலைகளும் உபரியும் காட்டிக் கமிஷன் ஆட்சியைப் புகழ்ந்த எல்லா வாதங்களையும்விட இந்த ஒரு செய்தி கனமானது.

1881 மார்ச் 25 அன்று மைசூர் உடையார்களிடம் திரும்பியது. கடனோடும் பஞ்சத்தின் வடுக்களோடும் திரும்பியது. கப்பமும் 24.5 லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்த்தப்பட்டது. நிலைமை மோசமாக இருந்ததால் கூடுதல் பகுதியின் வசூல் 1896 வரை ஒத்திவைக்கப்பட்டது. நூலில் குறை சொன்ன ரங்காசார்லுவே இப்போது திவான். அவர் ஐரோப்பியப் பதவிகளைக் குறைத்தார், ஹாசன், சித்ரதுர்கா மாவட்டங்களின் தனி நிர்வாகத்தைக் கலைத்தார், சிறு நீதிமன்றங்களை மூடினார். பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கிய பெங்களூர்-மைசூர் ரயில்பாதை 1882இல் மைசூரைத் தொட்டது. செலவை வெட்டிய வேகம் கூடிப்போய் நிர்வாகம் தள்ளாடியது என்று அன்றே புகார் இருந்தது; அந்த இரண்டு மாவட்டங்களும் சில ஆண்டுகளில் மீட்கப்பட்டன.

அவர் செய்த நீடித்த காரியம் வேறு. 1881 அக்டோபர் 7 அன்று, தசரா சமயத்தில், மைசூரில் பிரதிநிதிகள் சபை முதன்முறையாகக் கூடியது. தாலுகாக்களிலிருந்து வந்த நிலக்காரர்களும் வணிகர்களுமாக 144 பேர். திவான் எழுந்து நின்று, அந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எதில் செலவானது, எவ்வளவு கடன், அடுத்த ஆண்டு என்ன செய்யப் போகிறது அரசு என்று வாசிப்பார். பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஊரின் குறையைச் சொல்வார்கள்: ஏரி உடைந்தது, வனத்துறை மாடு மேய்க்க விடவில்லை, உப்பு விலை ஏறிவிட்டது, வரித் தள்ளுபடி போதவில்லை. சபைக்கு அதிகாரம் இல்லை. அரசு கேட்டால் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை. வரவு செலவை ஆள்பவர் குடிகளின் முன் படித்துக் காட்டும் வழக்கம் அன்றைய இந்தியாவில் அரிது. அதுவரை லண்டனிலும் கல்கத்தாவிலும் நடந்த வழக்கு, இதன் பிறகு ஆண்டுதோறும் மைசூரிலேயே நடந்தது. 1883 ஜனவரியில் ரங்காசார்லு இறந்தார். அவர் பெயரிலான நகர மண்டபம் இன்றும் மைசூரின் நடுவில் நிற்கிறது.

அடுத்த பதினெட்டு ஆண்டுகள் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுக்காரர். அவர் வருவாயைச் சுமார் 103 லட்சத்திலிருந்து 1895 வாக்கில் 180 லட்சத்துக்கு உயர்த்தினார், பஞ்சக் கடனை அடைத்தார். கோலார் தங்கச் சுரங்கங்களின் ராயல்டி இதற்குப் பெரும் துணை. ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழ்த் தொழிலாளர்கள். இலாபத்தின் பெரும்பங்கு லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது. மைசூருக்குக் கிடைத்தது ராயல்டி. பூமிக்கடியில் இறங்கியவர்களின் கணக்கை மட்டும் அந்நாளைய நிதி அறிக்கைகள் எழுதவில்லை. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, 92 மைல் தூரம் கம்பி இழுத்து, 1902இல் கோலார் சுரங்கத்துக்குக் கொண்டுசேர்த்த திட்டம் அவர் தொடங்கியது. அன்று உலகின் மிக நீண்ட மின்கடத்திப் பாதைகளில் ஒன்று அது. ஓடும் நீரை விற்றுக் காசாக்கலாம் என்று மைசூர் கற்றுக்கொண்டது இதில்தான்.

இவரையும் எதிர்ப்பவர்கள் இருந்தார்கள். உயர் பதவிகளில் மெட்ராஸ்காரர்கள் நிறைந்துவிட்டார்கள், மைசூர் மைசூர்க்காரர்களுக்கே என்ற குரல் பத்திரிகைகளில் ஓங்கியது. ‘தாத்தய்யா’ என்று மைசூர் மக்கள் மரியாதையோடு அழைத்த எம். வெங்கடகிருஷ்ணய்யா தன் பத்திரிகைகளில் நிர்வாகத்தின் ஊதாரித்தனத்தையும் ஒருசார்பையும் விடாமல் விமர்சித்தார். இதை வெறும் பிரதேசப் பொறாமை என்று தள்ள முடியாது. அரசுச் சம்பளம்தான் அன்றைய மைசூரின் மிகப் பெரிய தொழில். அது யார் வீட்டுக்குப் போகிறது என்பது பொருளாதாரக் கேள்விதான். கும்பகோணத்தில் பிறந்த வி.பி. மாதவ ராவ் திவானாக இருந்தபோது, 1908இல் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போடும் சட்டம் வந்தது. வெங்கடகிருஷ்ணய்யா தன் பத்திரிகைகளை நிறுத்திவிட்டார்.

மைசூரின் பொருளாதார வரலாற்றில் அதிகம் பேசப்படுபவர் 1912 முதல் 1918 வரை திவானாக இருந்த எம். விஸ்வேஸ்வரய்யா. அவருக்கு முன்பிருந்தவர்களின் வெற்றிக்கு அளவுகோல் உபரி. அவருக்கு அளவுகோல் உற்பத்தி. கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஏழையாக இருப்பதைவிட, கடன் வாங்கியாவது தொழில் தொடங்க வேண்டும் என்பது அவர் நிலை. 1911இல் தொடங்கிய பொருளாதார மாநாடு, 1913இல் மைசூர் வங்கி, 1916இல் பல்கலைக்கழகமும் வர்த்தக சபையும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் அணை கட்ட முதலில் கிடைத்த அனுமதி 80 அடிக்குத்தான். மெட்ராஸ் அரசு தஞ்சைப் பாசனத்துக்காக எதிர்த்தது. அவர் 124 அடிக்குத் தாங்கும்படி அடித்தளம் போட்டார். அதன் பின்விளைவான சர்ச்சை 1924 ஒப்பந்தத்தில் முடிந்ததும், முடியாததும் தமிழர்கள் நன்கு அறிந்த கதை. மைசூர்ப் பக்கம் பார்த்தால், வானம் பார்த்த மண்டியா கரும்பு வயலானதும், 1930களில் அங்கே சர்க்கரை ஆலை வந்ததும் அந்த அணையால்தான்.

சந்தன எண்ணெய்க் கதை அவர் கால நிர்வாகத்தை அருகிலிருந்து காட்டும். மைசூர்க் காடுகளின் சந்தனக்கட்டை ஏலத்தில் விற்று ஜெர்மனிக்குப் போய், அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தது. 1914இல் போர் வந்ததும் கட்டை வாங்க ஆள் இல்லை. அரசின் வருவாயில் ஓட்டை விழுந்தது. தொழில்துறை இயக்குநர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து வேதியியலாளர்களைச் சேர்த்துக்கொண்டு எண்ணெய் வடிக்கும் முறையை உருவாக்கினார். 1916இல் பெங்களூரிலும், 1917இல் மைசூரிலும் ஆலைகள் ஓடத் தொடங்கின. கட்டையாக விற்றதை எண்ணெயாகவும், பிறகு சோப்பாகவும் விற்றது மைசூர்.

இந்தத் தொழில் அரசால் இலாபம் யாருக்கு என்று கேட்டவர்கள் பிராமணரல்லாத தலைவர்கள். 1917இல் அவர்கள் பிரஜா மித்ர மண்டலியை அமைத்தார்கள். மெட்ராஸில் நீதிக்கட்சி பிறந்த அடுத்த ஆண்டு அது. லிங்காயத்துகள், ஒக்கலிகர்கள், முஸ்லிம்கள் எனப் பெரும்பான்மை மக்கள் வரி கட்டுகிறார்கள். பல்கலைக்கழகமும் பதவியும் ஒரு சிறு பிரிவினருக்குப் பயன்படுகின்றன என்பது அவர்கள் வழக்கு. அரசர் நான்காம் கிருஷ்ணராஜர், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் 1918இல் இதை ஆராயக் குழு அமைத்தார். இட ஒதுக்கீடு திறமையைக் குறைக்கும் என்று கருதிய விஸ்வேஸ்வரய்யா பதவி விலகினார். உற்பத்தியைப் பெருக்கினால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று அவர் நம்பினார். கேள்வி கேட்டவர்களுக்குக் காத்திருந்து பழகிய அனுபவம் இருந்தது. இந்த இடத்தில் நியாயம், கேள்வி கேட்டவர்கள் பக்கம் என்றே சொல்ல வேண்டும். படிப்பும் பதவியும் பரவாத நாட்டில் ஆலைகள் மட்டும் செல்வத்தைப் பரப்புவதில்லை.

அவர் திட்டமிட்ட பத்ராவதி இரும்பாலை 1923இல் உற்பத்தியைத் தொடங்கியபோது போர்க்கால விலைகள் சரிந்துவிட்டன. மரக்கரியில் உருக்கும் அந்த ஆலை ஆண்டுக்கணக்காக நட்டத்தில் ஓடியது. அப்போது திவானாக இருந்த ஆல்பியன் பானர்ஜி சிக்கனத்தைக் கொள்கையாக்கினார். இரும்பாலையை வெள்ளை யானை என்றவர்கள் சபையிலும் வெளியிலும் பலர். விஸ்வேஸ்வரய்யாவே திரும்பி வந்து அதன் நிர்வாகத் தலைவராக 1929 வரை இருந்து செலவைக் குறைத்தார். 1936இல் எஃகும் உருவானது. வரவு செலவுப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் எதிர்த்தவர்கள் சொன்னது சரி. இரும்பு வேலை தெரிந்த ஒரு தலைமுறையை அந்த ஆலை உருவாக்கியது என்பதை அந்தப் புத்தகத்தில் எழுத இடமில்லை.

1926 முதல் 1941 வரை திவானாக இருந்த மிர்ஸா இஸ்மாயில் இந்த வழியை அகலப்படுத்தினார். காகித ஆலை, மின்விளக்கு, பீங்கான் என்று அரசுப் பங்குடன் தொழில்கள் வந்தன. மைசூர் நகரில் 1937இல் தொடங்கிய அரக்கு, வண்ணத் தொழிற்சாலைதான் 1962 முதல் இந்தியத் தேர்தல்களில் விரலில் வைக்கும் மையைத் தயாரிக்கிறது. கப்பத்தைக் குறைக்க மைசூர் நெடுநாள் நடத்திய போராட்டத்துக்கு 1928இல் பாதிப் பலன் கிடைத்தது. 1881இல் ஏற்றிய 10.5 லட்சம் தள்ளுபடியானது. மீதி 24.5 லட்சம் நீடித்தது. மிர்ஸாவை எதிர்த்த காங்கிரஸ்காரர்கள், பூங்காக்களும் வட்டப் பாதைகளும் நகரத்துக்கு, கிராமத்துக்கு என்ன என்று கேட்டார்கள். பொறுப்பாட்சி இல்லாமல் பொருளாதார முன்னேற்றம் யாருக்கும் பதில் சொல்லாது என்றார்கள்.

‘முன்மாதிரி அரசு’ என்ற மைசூரின் புகழைப் பின்வந்த ஆய்வாளர்களும் ஒரே மாதிரி ஏற்கவில்லை. மறைமுக ஆட்சியின் வரம்புக்குள் அரசே முன்னின்று தொழில் வளர்த்ததை ஸ்வீடன் நாட்டு பியோர்ன் ஹெட்னே 1978இல் எழுதிய நூல் ஆராய்ந்தது. அந்த வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதும் அதில் தெரியும். ஜேம்ஸ் மேனர் அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய நூல், மேலிருந்த சீர்திருத்தம் கிராமத்து அதிகார அமைப்பை எவ்வளவு குறைவாகத் தொட்டது என்று காட்டியது.

1949இல் பிரதிநிதிகள் சபை முடிவுக்கு வந்தது. 1950இல் மைசூரின் ரயிலும் வருமான வரியும் மத்திய அரசுக்குப் போயின. இழப்புக்கு ஈடாக எவ்வளவு மானியம் என்பது வி.டி. கிருஷ்ணமாச்சாரி குழு முதல் சில ஆண்டுகள் பேசப்பட்டது. 1956இல் ஹைதராபாத், பம்பாய்ப் பகுதிகள் சேர்ந்து புதிய மாநிலம் அமைந்ததும் வழக்கு திசை மாறியது. பழைய மைசூர் நூறு ஆண்டாக அணையும் ஆலையும் கல்லூரியும் பெற்று முன்னே நின்றது. வடபகுதி, அதிலும் நிஜாமின் கீழிருந்த பகுதி, வெறுங்கையோடு வந்தது என்பது வடக்கின் வாதம். டி.எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான குழு 2002இல் கொடுத்த அறிக்கையில், மாநிலத்தின் 175 தாலுகாக்களில் 114 பின்தங்கியவை என்று கணக்கிட்டது. அவற்றில் 59 வட கர்நாடகத்தில் இருந்தன, தெற்கில் 55.